கூப்பன் வெட்டிய பக்கம்

அத்தியாயம் 17

போன வாரம் நிரோஷனைத் திட்டி எழுதிய வாசகிகள் கொஞ்ச நஞ்சமல்ல. “வளர்த்த அக்காவைப் பார்த்துச் சோற்றுத் தட்டுக்கு முன்னால் பேசுகிற பேச்சா அது?” என்று கம்பளையிலிருந்து ஒரு அம்மா கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான்.

“நீ பிடிவாதம் புடிக்காம அப்பாவோட இந்தியாவுக்குப் போயிருந்தா, எனக்கும் அப்பான்னு ஒருத்தர் இருந்திருப்பாரு.” அவன் சொன்னது இவ்வளவுதான். அக்கா அங்கம்மா தம்பிக்கு இரண்டாம் தரம் சோறு போட்டுவிட்டு, கண் சத்திரசிகிச்சைக்குப் பிறகு போட்ட கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மாடி அறைக்குப் போய்விட்டாள்.

அதெல்லாம் வியாழக்கிழமை. இன்று சனிக்கிழமை. நிரோஷனின் மனைவி தர்ஷிகாவுக்கு வீட்டுச் சண்டையை நினைக்க நேரமில்லை. காலை பத்து மணியிலிருந்து கண்டி டவுனில் தியேட்டர் வாசலில் மேசை போட்டு நிற்கிறாள். தலைக்கு மேலே துணிப் பதாகை.

‘படமாக வந்த ஏழாம் பெட்டி நாவல்! மலைக்கதிர் வார இதழின் ஆண்டுச் சந்தாதாரர்களுக்கு இலவசம்!’

நாவலை எழுதியவள் அங்கம்மா. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் முப்பது வருடம் பிள்ளைகளைத் தாலாட்டிக்கொண்டே, தொண்ணூற்று மூன்றில் மலைக்கதிரில் வாரா வாரம் எழுதிய கதை. இந்தியாவுக்குக் குடும்பம் குடும்பமாக மக்களை ஏற்றிப்போன, ஊரே ‘அழுகைக் கோச்சி’ என்று சொன்ன அந்த ரயிலைப் பற்றியது. ஒவ்வொரு அத்தியாயத்தையும் கையால் எழுதித் தபாலில் போட்டுவிடுவாள். பிரதி எடுத்து வைக்கவேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. முப்பது வருடம் கழித்து அது சினிமாவாகும் என்று மட்டும் யார் கண்டது?

மலைக்கதிரின் கண்டி அலுவலகத்தில் சந்தாப் பிரிவு என்றால் அது தர்ஷிகா ஒருத்திதான். கொழும்பிலிருந்து கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். இன்று மாலைக்குள் முந்நூறு புதிய சந்தா. இல்லாவிட்டால் கண்டி அலுவலகத்துக்குப் பூட்டு. காலையில் கணக்கு இருநூற்று நாற்பத்தாறில் நின்றது.

அவள் கெட்டிக்காரி, அதைச் சொல்லியே ஆகவேண்டும். படம் பார்க்கப் போகிறவர்களை அவள் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. பார்த்துவிட்டு வருகிறவர்களைத்தான் பிடிப்பாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே வருகிற பெண்களின் கையில் முதலில் புத்தகத்தைக் கொடுப்பாள், அதற்குப் பிறகுதான் படிவம். கையில் வாங்கிய புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க யாருக்கு மனசு வரும்?

பத்தரைக் காட்சி விட்டது. முதல் ஆளாக வந்தவர் இராமையா. திகனயில் இருக்கும் ஓய்வுபெற்ற தபால்காரர், போன வாரமே சந்தா கட்டிப் புத்தகத்தைத் தபாலில் வாங்கியவர். புத்தகத்தைக் கையோடு கொண்டு வந்திருந்தார்.

“தாயி, ஒரு சந்தேகம். படத்துல கதாநாயகி காமாட்சி கோச்சிய விட்டு எறங்குது. புத்தகத்துல எறங்கவே இல்லியே?”

“சினிமாக்காரங்க மாத்தியிருப்பாங்க ஐயா.” தர்ஷிகா படிவங்களை அடுக்கிக்கொண்டே சொன்னாள்.

“சரி. அப்படீன்னா கடைசிப் பக்கத்துல, பேராதனைச் சந்தியில தனியா நின்னு, போற கோச்சியப் பாத்துக்கிட்டு இருக்கிறது யாரு?”

தர்ஷிகாவின் கை நின்றது. ஒரு உண்மையை இங்கே போட்டு உடைத்துவிடுகிறேன். “கடைசி அத்தியாயம் படிச்சா கண்ணு கலங்கிரும் அக்கா” என்று ஒரு வாரமாக நூறு பேரிடம் சொன்னவள், அந்தக் கடைசி அத்தியாயத்தைப் படித்ததே இல்லை. அட்டையைப் பார்த்தாள், சந்தாப் படிவத்தில் எழுத்துப்பிழை பார்த்தாள், அதற்கு மேல் நேரம் கிடைக்கவில்லை. கண்ணில் கட்டோடு இருந்த அங்கம்மாவாலும் படித்துப் பார்க்க முடியவில்லை.

இப்போது நின்றபடியே படித்தாள். காமாட்சி அப்பா சொன்னபடி ரயில் ஏறுகிறாள். ஏழாம் பெட்டியில் ஜன்னலோரம் உட்காருகிறாள். அடுத்த வரி, ‘கோச்சி போய்விட்டது. மழை விட்டிருந்தது.’ பிறகு அவள் நிலையத்தில் நிற்கிறாள். எப்போது இறங்கினாள், ஏன் இறங்கினாள், ஒன்றுமே இல்லை.

அச்சகத்து ஹாஷிம் நானாவுக்குப் போன் போட்டாள்.

“அந்தப் பக்கத்துல கொஞ்ச எடம் வெள்ளையா இருந்திச்சி தங்கச்சி,” என்றார் அவர். “நீங்க தந்த போட்டோகொப்பியில. டைப் அடிச்ச புள்ள அது படம் போட்ட எடம்னு நெனச்சிட்டுது.”

போட்டோகொப்பி எடுத்தது வீட்டிலிருந்த பழைய இதழ்களிலிருந்து. கொழும்புத் தலைமை அலுவலகத்தின் பழைய இதழ்களெல்லாம் ஒரு வெள்ளத்தில் ஊறிப்போனதால், சின்ன வயதிலிருந்து நிரோஷன் சேர்த்துவைத்திருந்ததுதான் கைவசம் இருந்த ஒரே தொகுப்பு.

பதாகையின் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்த நிரோஷன் திரும்பிப் பார்த்தான். முகம் செத்துப்போயிருந்தது.

“என்னங்க, அந்தப் பக்கத்துல என்ன ஆச்சு?”

“சைக்கிள்,” என்றான்.

“என்ன சைக்கிள்?”

“சைக்கிள் போட்டி. கூப்பனை வெட்டி அனுப்பச் சொன்னாங்க. எனக்கு அப்ப பதினாலு வயசு தர்ஷி. தபால் கந்தோர்லயிருந்து அந்த வார மலைக்கதிர நான்தான் வாங்கிட்டு வந்தேன். வர்ற வழியிலேயே கத்தரிக்கோல் கடன் வாங்கி வெட்டிட்டேன். கூப்பனுக்குப் பின்பக்கம் அக்கா கதை இருந்ததை நான் பாக்கல.”

“சைக்கிள் கெடச்சிச்சா?”

“ஒரு பதில்கூட வரல.”

வேறொரு நாளாக இருந்தால் தர்ஷிகா வயிறு நோகச் சிரித்திருப்பாள்.

மேசையைச் சுற்றிப் பன்னிரண்டு பேராவது நின்றார்கள். அவள் என்ன செய்யலாம்? வாய் திறக்காமல் கொடுத்துக்கொண்டே போகலாம். படம் மாற்றிவிட்டது என்று ஜனங்கள் பேசிக்கொண்டு போவார்கள். மாலைக்குள் முந்நூறு நிச்சயம், அலுவலகம் பிழைக்கும். அங்கம்மாவின் கதை மட்டும் காலுடைந்தபடி வீடு வீடாகப் போய்ச் சேரும்.

தர்ஷிகா மேசைக்குக் கீழே இருந்த பிளாஸ்டிக் பாயை எடுத்துப் புத்தக அடுக்கை மூடினாள்.

“மன்னிச்சுக்கங்க. புத்தகத்துல ஒரு துண்டு விட்டுப்போச்சு. அதில்லாம இது எங்க அங்கம்மா அண்ணி எழுதின கதையே இல்ல. அஞ்சு மணிக்கு வாங்க, சரியாக்கித் தர்றேன். அதுவரைக்கும் சந்தாவும் எடுக்க மாட்டேன்.”

“அஞ்சு மணிக்கு யாரு வர்றது?” என்று இரண்டு பெண்கள் பஸ் நிலையத்துப் பக்கம் நடந்தார்கள். இன்னும் சிலர் பின்னால் போனார்கள். இருந்தாலும் அவள் பாயை எடுக்கவில்லை. இந்தப் பெண்ணுக்கு ஒரு கும்பிடு போடத்தான் வேண்டும்.

இராமையா கதிரையை இழுத்துப் போட்டு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தார். “நீ போயிட்டு வா தாயி. நாப்பது வருஷம் அடுத்தவங்க கடுதாசிய பத்திரமா பாத்தவன் நான். இத பாத்துக்க மாட்டேனா?”

மலைக்கதிரை விடாமல் வாங்குகிறவர்களின் பட்டியல் தர்ஷிகாவின் தலையிலேயே இருந்தது. முப்பது வருடம் தாண்டியவர்கள் நாலு பேர். முதல் மூவரும் பழைய இதழ்களை எப்போதோ கடதாசிக்காரனுக்குப் போட்டுவிட்டார்கள். நாலாவது ஆள், கெலிஓயாவில் தையல் கடை வைத்திருக்கும் றம்லத்.

“தொடர்கதையா? ஈக்கி மகள், எல்லாம் ஈக்கி. வாங்க,” என்றது போன். இருக்கிறதாம், எல்லாம் இருக்கிறதாம்!

நிரோஷனின் மோட்டார் சைக்கிளில் போனார்கள். பேராதனைச் சந்தியில் வாகன நெரிசல் பிடித்துக்கொண்டது. ரயில் நிலையத்துப் பக்கம் அவன் தலையைத் திருப்பவில்லை. எப்போதும் அப்படித்தான். தாயில்லாத அந்தக் குடும்பத்தில் அப்பாவும் இரண்டு அண்ணன்மாரும் ஏறிப்போன இடம் அது. அவனுக்கு அப்போது நாலு வயது. ஒன்றும் ஞாபகமில்லை என்பான். ஞாபகமில்லாத இடத்தைப் பார்க்க ஏன் பயப்படவேண்டும் என்று தர்ஷிகா கேட்டதில்லை.

றம்லத்துக்கு அறுபத்தைந்து இருக்கும். தையல் மெஷினுக்குப் பின்னால் ஒரு அலுமாரி நிறையத் தொடர்கதைகள். இதழிலிருந்து பக்கங்களைக் கழற்றி, வரிசையாக அடுக்கி, சட்டைத் துணியால் அட்டை போட்டு, தானே தைத்தவை. ஏழாம் பெட்டிக்குப் பச்சைப் பூப்போட்ட சீத்தைத் துணி.

“எழுதினவங்கட தம்பியா நீங்க?” நிரோஷனைப் பார்த்துக் கேட்டாள். “இந்தக் கதெ வந்த காலத்துல வெள்ளிக்கெழம கடயத் தொறக்கவே பிந்திப்போகும். வாசிச்சி முடிச்சிட்டுத்தான் தொறப்பேன்.”

“கூப்பன் வெட்டலியா நீங்க?” என்றான் அவன்.

“வெட்டினா பின்னுக்கு ஈக்கிற கதெ போயிருமே மகன்! சைக்கிள் கடயில வாங்கலாம். இத எங்க வாங்குற?”

நிரோஷன் எழுந்து வாசலுக்குப் போய்விட்டான். தர்ஷிகாதான் கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். கூப்பன் முழுதாக இருந்தது. பக்கத்தைத் திருப்பினால் விட்டுப்போன இருபத்திரண்டு வரி.

படித்தாள். மறுபடியும் படித்தாள். றம்லத் ஒரு கிளாஸ் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தாள். அந்த வரிகளைப் பற்றி முப்பது வருடமாகத் தெரிந்தவள் அல்லவா!

அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து அச்சகத்துக்கு அனுப்பினாள் தர்ஷிகா. “துண்டு அடிச்சு வைங்க நானா. ஆனா நான் சொல்ற வரைக்கும் ஒருத்தருக்கும் காட்டாதீங்க.”

“கெடச்சிச்சா?” வெளியே நிரோஷன் கேட்டான். “என்ன எழுதியிருக்கு?”

“அண்ணி வந்ததும் பாப்போம்.”

“நீ படிச்சேல்ல, சொல்லேன்.”

“வண்டிய எடுங்க.”

வழியெல்லாம் அவனுடைய முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தாள். சொல்ல வேண்டியது அவளல்ல. நாற்பது வருடத்துக்கு மேலாக அங்கம்மா வாயைத் திறக்காமல் இருந்த விஷயம். இப்போது துண்டை ஒட்டினால், ஏற்கெனவே புத்தகம் போன வீடுகளுக்கும் தபாலில் அனுப்பினால், முந்நூறு வீட்டுக்கும் போகும், இவனுக்கும் போகும். ஒட்டாவிட்டால் அலுவலகமும் போச்சு, கதையும் போச்சு. நாவலைக் காப்பாற்றப் போய் நாவல்காரியைக் காட்டிக்கொடுக்கலாமா?

நாலரை மணிக்கு அங்கம்மா வந்து இறங்கினாள். நீலக் கரை வைத்த சேலை, கறுப்புக் கண்ணாடி. தியேட்டர் வாசலில் அவளுடைய பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு, “எம்பேரு இவ்வளவு பெருசா?” என்று சேலைத் தலைப்பால் வாயை மூடிச் சிரித்தாள்.

தர்ஷிகா அவளைக் கன்டீன் பக்கம் கூட்டிப்போனாள். நடந்ததையெல்லாம் ஒரே மூச்சில் சொன்னாள். கூப்பன், வெள்ளை இடம், கெலிஓயா, இருபத்திரண்டு வரி.

“அவன் வெட்டினது எனக்குத் தெரியும்,” என்றாள் அங்கம்மா.

“தெரியுமா அண்ணி?”

“அன்னிக்கே பாத்தேன். வீட்டுக்கு வந்து அந்த வாரப் புத்தகத்தத் தொறந்தா சதுரமா ஓட்ட. எனக்கு எவ்வளவு நிம்மதின்னு நெனக்கிற? ஏதோ ஒரு வேகத்துல எழுதித் தபால்ல போட்டுட்டேன். போட்ட நாள்லயிருந்து தூக்கமே இல்ல. அவன் படிச்சா என்ன ஆவான்னு. பாத்தா, அவன் கையாலயே வெட்டிக் கொண்டுபோயிட்டான்.” சிரித்தாள். “அதனாலதான் சினிமா எடுத்த பையன் கேட்டப்பவும் மாத்திச் சொன்னேன். மலைய விட்டுப்போக மனசு வரல, அதான் எறங்கிட்டேன்னு.”

“ஊரே படிச்சிச்சே அண்ணி.”

“ஊருக்குச் சொல்றது லேசு தர்ஷிகா. எழுதிப்புடலாம். வீட்டுக்குள்ள ஒருத்தனுக்குச் சொல்றதுதான் வாயில வர மாட்டேங்குது.”

தர்ஷிகா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த மனுஷியைப் பார்க்கிறாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வியாழக்கிழமை அந்தப் பேச்சைக் கேட்டிருக்க வேண்டாம். அதைச் சொல்லாமல் சோறு போட்டிருக்கிறாள். எத்தனை பேரால் முடியும்?

“நீங்க வேணாம்னா ஒட்ட மாட்டேன் அண்ணி. அலுவலகம் போனா போகட்டும். வேற வேல தேடிக்குவேன்.”

அங்கம்மா கண்ணாடியைக் கழற்றி, சேலையால் துடைத்து, மறுபடி போட்டாள்.

“நீ மத்தியானம் மூடின பாய நான் தொறக்காம இருந்தா நல்லாவா இருக்கும்? வா.”

ஐந்து மணிக்கு ஜனம் வந்திருந்தது. தர்ஷிகா எதிர்பார்த்ததைவிட இரண்டு மடங்கு. இராமையா ஒவ்வொருவராகப் பிடித்து, கதையில் ஒரு துண்டு தொலைந்த விஷயத்தைச் சொல்லிச் சொல்லி, டவுன் முழுக்கப் பரப்பிவிட்டிருந்தார். பஸ் நிலையத்துக்குப் போன அந்த இரண்டு பெண்களும் நின்றார்கள். ஹாஷிம் நானா துண்டுக் கட்டோடும் ஒரு போத்தல் பசையோடும் வந்து சேர்ந்திருந்தார்.

ஒலிவாங்கியை அங்கம்மாவிடம் கொடுத்தார்கள். அவள் அதை வாங்கித் தம்பியிடம் நீட்டினாள்.

“நீ படி.”

“நானா? நீ படி அக்கா. ஒன்னோட கதை.”

“நீதான் இன்னும் படிக்கல. படி.”

நிரோஷன் துண்டை வாங்கினான். தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தான்.

“‘வெளியே அப்பா நிலைய டாக்டரிடம் பேசிக்கொண்டிருந்தார். அம்மை போட்ட பிள்ளையைக் கோச்சியில் ஏற்ற முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பா ஒரு நிமிடம் பேசாமல் நின்றார். பிறகு, சரி, லயத்து வீட்டுல விட்டுட்டுப் போறோம், பொழைச்சுக் கெடந்தா பொறகு கூப்பிட்டுக்கலாம் என்றார்.’”

அவன் நிறுத்தினான். எங்கோ ஒரு பஸ் ஹோர்ன் அடித்தது. அங்கம்மாவின் முகத்தைப் பார்த்தான். அவள் தலையை அசைத்தாள்.

“‘காமாட்சி ஜன்னலால் எட்டிப் பார்த்தாள். நிலையத்து வாங்குப் பலகையில் சாக்கை விரித்துத் தம்பியைக் கிடத்தியிருந்தார்கள். நாலு வயசுப் பிள்ளை. அவன் அழவில்லை. அக்கா எதில் இருக்கிறாள் என்று ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்துக்கொண்டு வந்தான். முதலாம் பெட்டி. இரண்டாம் பெட்டி...’”

இரண்டாம் பெட்டியோடு அவன் நின்றுவிட்டான். தர்ஷிகா போய்ப் பக்கத்தில் நின்றாள். வாங்கிப் படிக்கவில்லை. அவனாகவே முடிக்கட்டும் என்று நின்றாள்.

“‘ஏழாம் பெட்டிக்கு அவன் கண் வந்து சேருமுன் அவள் இறங்கிவிட்டாள்.’”

யாரும் கைதட்டவில்லை. முன்வரிசையில் நின்ற ஒரு பெண் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. படத்துக்கு அழுத கண்கள்தான், ஆனால் இந்த அழுகை வேறு. பிறகு அந்தப் பெண்ணே மேசைக்கு வந்து, “படிவத்தக் குடுங்க தங்கச்சி,” என்றாள். அவளுக்குப் பின்னால் வரிசை பிடித்தது. இராமையா பசை தடவ, ஹாஷிம் நானா துண்டை ஒட்ட, தர்ஷிகா பெயர் எழுதினாள். எழுதி எழுதி விரல் மரத்துப்போனது. முந்நூறாவது சந்தா யாருடையது என்பதைக்கூட அவள் கவனிக்கவில்லை. இராமையாதான் எண்ணிச் சொன்னார்.

கூட்டம் கரைந்தபோது அக்காவும் தம்பியும் தியேட்டர் படியில் உட்கார்ந்திருந்தார்கள். அவன் அவளுடைய கையை இரண்டு கையாலும் பிடித்திருந்தான்.

“வியாழக்கிழமை நான் பேசினது...”

“விடுடா.”

“ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாக்கா?”

“எதச் சொல்ல? ஒங்கப்பன் ஒன்ன வாங்குல போட்டுட்டுப் போனாருன்னா? அதக் கேட்டு நீ வளரணுமா?”

தர்ஷிகா படிவங்களைக் கட்டிக்கொண்டே காது கொடுத்தாள். கேட்கக் கூடாதுதான், ஆனாலும் கேட்டாள்.

“பொழைச்சா கூப்பிட்டுக்கலாம்னு சொன்னாரே. நான் பொழைச்சேன்ல. அதுக்குப் பொறகு... ஒருதரமாவது கேட்டு எழுதலியா?”

அங்கம்மா எதிரே போகிற பஸ்ஸைப் பார்த்தாள். பொய் சொல்வாள் என்றே தர்ஷிகா நினைத்தாள். நாற்பது வருடம் மறைத்த வாய்தானே, இன்னும் ஒன்று சொன்னால் என்ன!

“எழுதினாரு,” என்றாள் அங்கம்மா. “பதினோரு கடுதாசி. ஒன்ன அனுப்பச் சொல்லி. அனுப்புனா நான் தனியாகிப் போயிருவேன்டா. அதான் ஒண்ணையும் ஒனக்குக் காட்டல. ஒண்ணுக்கும் பதில் போடல.”

நிரோஷன் பிடித்திருந்த கையை விடவில்லை. அவளுடைய முகத்தை மட்டும், இப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறவனைப்போல, பார்த்துக்கொண்டிருந்தான்.